காய் கொண்டுவந்தவன்

அந்த ஜன்னலைச் சாத்தாதீங்க. தூசி வந்தா வந்துட்டுப் போகுது. காத்து வேணுங்க எனக்கு. கொரோனா வார்டுல இருந்தவ நான். அதுக்கப்பறம் மூடுன எடத்துல உக்கார முடியறதில்ல.

டாக்டர் இல்லீங்க. நர்ஸும் இல்ல. பிசியோதெரபிஸ்ட். பாருங்க, நீங்களும் அப்படித்தான் பாக்கறீங்க. கை கால் புடிச்சு விடறவளுக்கு அந்த வார்டுல என்ன வேலைன்னு. எங்க அண்ணிகூட அதத்தான் கேட்டா.

சொல்றேன். பஸ்ஸு பல்லடமே இன்னும் வரல. நீங்களும் தாராபுரந்தானே?

மூச்சுதாங்க அங்க எங்க வேலை. ஆக்சிஜன் எறங்கறவங்களக் குப்புறப் படுக்க வெக்கணும். படுன்னா படுத்துருவாங்களா? மூக்குல ஒரு குழாய், கையில ஒரு குழாய், எதுவும் உருவிக்காமத் திருப்பணும். நெஞ்சுக்குக் கீழ தலையணை, இடுப்புக்குக் கீழ தலையணை. திருப்பி வெச்சதும் மெஷின்ல நம்பர் மெதுவா ஏறும் பாருங்க, அதப் பாக்கறப்ப நமக்கே மூச்சு வந்த மாதிரி இருக்கும். கொஞ்சம் தேறினா உக்கார வெக்கணும். மூணு பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, உறிஞ்சினாப் பந்து மேல வரும், அத உறிஞ்ச வெக்கணும். அப்பறம் நடை. கட்டில்ல இருந்து கதவு வரைக்கும் நடக்கறதுக்குள்ள ஆம்பளைங்கெல்லாம் அழுதிருக்காங்க.

எங்க தொழில்ல தொடாம ஒண்ணும் இல்லீங்க. சதை இறுகியிருக்குதா, தளந்திருக்குதா, வலிக்குப் பயந்து புடிச்சு வெச்சிருக்காங்களா, எல்லாம் விரல்தான் சொல்லும். கையுறைக்கு மேல கையுறை போட்டுத் தொட்டா என்ன தெரியும்? அவங்களுக்கும் நம்ம மொகம் தெரியாது. சிரிச்சாத் தெரியாது. யாரோ வெள்ளையா வந்து பொரட்டிப் போட்டுட்டுப் போறாங்கன்னுதான் நெனச்சிருப்பாங்க.

சாயங்காலத்துல சிங்காநல்லூர்ல சொந்தமா ஒரு சின்ன கிளினிக்கும் வெச்சிருந்தேன். ஊரடங்குன்னதும் பூட்டியாச்சு. முட்டி ஆபரேஷன் முடிச்சு வந்துட்டிருந்த ஒரு டீச்சரம்மா, பாவம், அந்தக் கால் மடங்காமலே போயிருச்சு. போன்ல சொல்லிச் சொல்லிப் பாத்தேன். வலிக்குது கண்ணுன்னு சொல்லி வெச்சிருவாங்க. நேர்ல இருந்தா விட்டிருப்பேனா?

ஆனா நான் சொல்ல வந்தது அந்த டீச்சரம்மா இல்ல. எங்கப்பா.

நாச்சிமுத்துன்னு பேரு. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. இந்த ரூட்டுல கூட ஓடியிருக்காரு. அம்மா நான் சின்னப் பொண்ணா இருக்கறப்பவே போயிட்டாங்க. அவருதான் தலை சீவி விட்டு ஸ்கூலுக்கு அனுப்புவாரு. எனக்குக் கல்யாணம் அமையல, அத விடுங்க. கோயமுத்தூர்ல வேலை, லேடீஸ் ஹாஸ்டல்னு இருந்துட்டேன். அப்பா தாராபுரத்துல அண்ணன் வீட்டுல. அண்ணன், அண்ணி துளசிமணி, அவங்க பொண்ணு ஹர்ஷிதா, அப்ப சின்னக் குழந்தை அது.

ஊரடங்குக்குக் கொஞ்சம் முந்தி அப்பாவுக்கு வாதம் வந்துருச்சு. வலது கையும் காலும் போச்சு. பேச்சும் கொழகொழன்னு ஆயிருச்சு. நான் விடுவனா? வாரம் தவறாம ஓடி ஓடி வந்தேன். பழைய டிக்கெட் கட்டு மாதிரி பேப்பர வெட்டித் தெச்சு, கிழிப்பா, கிழிச்சுக் குடு, சில்லறை வாங்குன்னு விரலுக்குப் பழக்குவேன். அவருக்குச் சிரிப்பு வந்துரும். எந்த ஊருக்கு அம்மிணின்னு கேப்பாரு. பங்குனி பொறக்கறப்ப சுவத்தப் புடிச்சுட்டு நின்னுட்டாரு. நின்னுட்டாருங்க! இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நடந்திருப்பாரு. சத்தியமாச் சொல்றேன்.

அப்பத்தான் பஸ்ஸு நின்னுச்சு. எல்லாம் நின்னுச்சு. என்னையக் கொரோனா வார்டுல போட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜுலயே தங்க வெச்சுட்டாங்க.

அப்பா அண்ணி கைக்குப் போயிட்டாரு. அங்கதான் எல்லாம் கெட்டுது.

செய்யலன்னு சொல்ல மாட்டேன். தினமும் வீடியோ கால்ல வருவா. ஹர்ஷிதா போனப் புடிச்சுக்கும், அண்ணி நான் சொல்லச் சொல்லச் செய்வா. முட்டியத் தாங்கிப் புடிங்க, குதிகால் தரையில படணும், அப்படி இல்ல, அப்படி இல்ல அண்ணின்னு நான் கத்துவேன். இப்படியா, இப்படியான்னு மறுக்கா மறுக்காக் கேப்பா. அடுப்புல ஒண்ணு, துணியில ஒண்ணுன்னு ஓடிட்டு வந்து மூச்சு வாங்கறவளுக்கு எங்கீங்க அந்தப் பக்குவம் வரும்? படிச்சுட்டு வந்த நமக்கே வருசக்கணக்காகுது. அப்பாவக் குளிப்பாட்டறது, துணி மாத்தறது, எல்லாம் அவதான். அது செரி. அது எல்லா வீட்லயும் மருமக செய்யறதுதானே. நான் சொல்றது ட்ரீட்மென்ட்.

ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. அண்ணன் வீட்டுல இல்ல. இவ வலது கையப் புடிச்சு இழுத்துத் தூக்கிட்டா. அந்தக் கையத்தான் இழுக்கவே கூடாது! வாதம் வந்த கையில தோள் மூட்டு சும்மா தொங்கிட்டிருக்கும், இழுத்தா எறங்கிரும்னு எத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். கேட்டா, "அவரு முழுசா விழுந்துட்டாரு பூங்கோதை, மண்டை செவுத்துல மோதப் போச்சு, கைக்குக் கெடச்சதப் புடிச்சேன்"ங்கறா. புடிக்கறதுக்கு அந்தக் கைதான் கெடச்சுதா?

அவ்வளவுதான். தோள் வலி. தொட்டாலே கத்துவாரு. நிக்கறதும் போச்சு, டிக்கெட் கிழிக்கறதும் போச்சு. போன்ல என்னையப் பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. "அம்மிணி, நீ ஒருக்கா வந்துட்டுப் போ. உன்ற கை பட்டாச் செரியாயிரும்." மத்தது எதுவும் வெளங்காது, இது மட்டும் தெளிவா வரும்.

எப்படிங்க இருக்க முடியும்? அங்க முன்னப் பின்னத் தெரியாதவங்க முதுகெல்லாம் தட்டிக் குடுத்துட்டு இருக்கேன். பெத்த அப்பன் தோளப் புடிச்சு விட நாதியில்ல.

ஆடி மாசத்துல கொஞ்ச நாள் லீவு குடுத்தாங்க. ஊருக்கு வர்றேன்னேன். அண்ணி என்ன சொல்றா தெரியுங்களா? "இப்ப வேண்டாம் பூங்கோதை. நீ இருக்கற எடம் அப்படி. இன்னும் கொஞ்ச நாள் தனியா இருந்து பாத்துட்டு வா, நான் மாமாவப் பாத்துக்கறேன்"ங்கறா. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. எங்கப்பன் வீட்டுக்கு நான் வர்றதுக்கு இவ தேதி குறிக்கறாளா? டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ். பாஸ் வாங்கினேன், கார் புடிச்சேன், வந்துட்டேன். எல்லாம் முறையாத்தான் வந்தேன்.

மாஸ்க் போட்டுட்டுத்தான் உள்ள போனேன். அப்பா என்னையப் பாத்து மெரண்டுட்டாரு. யாரு, யாருங்கறாரு. நான் பேசறதும் மாஸ்க்குக்குள்ள அவருக்குப் புரியல. "மொகத்தக் காட்டு அம்மிணி"ன்னு அழுவறாரு. கழட்டிட்டேன். நீங்களா இருந்தாலும் கழட்டியிருப்பீங்க.

அன்னைக்கு மத்தியானம் பூரா அந்தத் தோள் கூடத்தான் இருந்தேன். கையுறை இல்லாம. எத்தனை மாசம் கழிச்சு ஒரு ஒடம்ப வெறுங்கையால தொடறேன் தெரியுங்களா! அடியில தாங்கி, மெதுவா மேல ஏத்தி, சுத்தியும் நீவி. அப்பா கண்ண மூடிக்கிட்டாரு. நானும் அசந்து போயி அவரு தலைமாட்டுலயே தல சாச்சுட்டேன். ரெண்டு நாளா ஒடம்பு அப்படி அசதி. வார்டு வேலைங்க, முறிச்சுப் போட்டுரும்.

அப்பறம் சாப்பாடு. அத ஏன் கேக்கறீங்க. அண்ணி வெச்ச ரசம் சப்புன்னு தண்ணி மாதிரி இருக்குது. உப்பும் இல்ல, மொளகும் இல்ல. மூக்குக்கிட்டக் கொண்டு போனா ஒரு வாசமும் இல்ல. சொல்லிட்டேன். நான் மனசுல வெச்சுக்கற ஆள் இல்ல. அண்ணன், நல்லாத்தானே இருக்குதுன்னு பொண்டாட்டிக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றான். அண்ணி என்னையே பாத்துட்டு நின்னா. மொகம் வெளுத்துப் போச்சு. சமையலச் சொன்னா எந்தப் பொம்பளைக்கும் கோவம் வரத்தானே செய்யும். ஹர்ஷிதாவக் கூப்பிட்டு, அத்தைகிட்டப் போகாத, அக்கட்டாலத் தள்ளிப் போயி வெளையாடுன்னு வெரட்டினா. ஒரு சொல்லுக்கு அவ்வளவு ரோசம்!

அன்னைக்குச் சாயங்காலம் வந்தான் சென்னியப்பன்.

அண்ணியோட தம்பிங்க. டெம்போ ஓட்டறவன். ஊரடங்குல மார்க்கெட்டுல காய் எடுத்து வீடு வீடாக் குடுத்துட்டிருந்தான். கேட்டுக்கு வெளிய நின்னான். காய்ப் பையக் காம்பவுண்டு செவுத்து மேல வெச்சுட்டு, அங்கிருந்தே "மாமா, எப்படி இருக்கீங்க"ன்னு சத்தம் போட்டான். அப்பா ஜன்னல் வழியா இடது கையத் தூக்கினாரு. அவ்வளவுதான், போயிட்டான். ஆனா மார்க்கெட்டுல திரியறவன் கை பட்ட காய்ங்க அது. நான் வந்தது தப்பு, அவன் வந்தாத் தப்பில்ல!

நான் கோயமுத்தூருக்குத் திரும்பிட்டேன். அந்த வாரமே அப்பாவுக்குக் காய்ச்சல். ஆம்புலன்ஸ் கெடைக்கல. சென்னியப்பன் டெம்போவுல மெத்தையப் போட்டு, அப்பாவத் தூக்கிப் படுக்க வெச்சு, அண்ணியும் அவனுமாக் கொண்டு வந்து எங்க ஆஸ்பத்திரியில சேத்தாங்க. அவனுக்கு அப்பவும் ஒண்ணும் ஆகல பாருங்க. கடைசி வரைக்கும் ஒரு தும்மல் கெடையாது. சில பேரு அப்படித்தான், தனக்கு வராது, ஊருக்கெல்லாம் குடுப்பாங்க.

எங்கப்பாவ என்ற வார்டுலயே போட்டாங்க. நானே திருப்பினேன். அந்தத் தோள் நசுங்காம, எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டி, தலையணைய மடிச்சு மடிச்சு வெச்சுத் திருப்பினேன். அவருக்கு என்னையத் தெரியல. அவரு கண்ணாடியக் கழட்டியிருந்தாங்க, நானும் தலையில இருந்து கால் வரைக்கும் மூடியிருக்கேன். அப்பா, நான்தாம்பான்னேன். மெஷின் எரைச்சல்ல கேக்கல.

ஒரு நாள் மத்தியானம் நெஞ்சத் தட்டிக் குடுத்துட்டு இருக்கறேன், அவரு மெதுவா என்ற கையப் புடிச்சாரு. "நர்சம்மா"ன்னாரு. "என்ற பொண்ணு இந்த ஆஸ்பத்திரியிலதான் இருக்கறா. அவளுக்கு ஒண்ணும் இல்லீங்களே? அன்னைக்கு என்ற தோள்ல கை வெச்சா, கை கொதிச்சுது. அவளப் பாத்தா இதச் சொல்லிராதீங்க. மனசு ஒடஞ்சு போயிருவா." கொழகொழன்னு பேசற மனுசன், இத மட்டும் ஒண்ணு ஒண்ணா, நிறுத்தி நிறுத்திச் சொல்றாரு.

காய்ச்சல்ல பொலம்பறதுங்க. காய்ச்சல்காரங்களுக்கு அடுத்தவங்க கை சூடாத்தான் தெரியும்.

என்ன? அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல் இல்லையேவா? வெளிய தெரிஞ்சிருக்காது. உள்ளுக்குள்ள இருந்திருக்கும். இது உள்ள இருந்துட்டுத்தாங்க வெளிய வரும், எனக்குத் தெரியாதா?

அவரு போனப்ப நான் பக்கத்துல இல்ல. ரெண்டு கட்டில் தள்ளி ஒரு பொம்பளையத் திருப்பிட்டிருந்தோம். பாதியில விட முடியாதுங்க, விட்டாக் குழாய் உருவிக்கும். அந்தம்மா தலைய நான் புடிச்சிருக்கேன். இந்தப் பக்கம் மெஷின் கத்துது. யாரோ ஓடறாங்க. நான் தலையப் புடிச்சுட்டே நிக்கறேன். அந்தம்மா பொழச்சுட்டாங்க. பொங்கலுக்குப் போன் பண்ணாங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு எங்களுக்கு மூட்டையாத்தான் காட்டினாங்க. அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டான். நின்னவரு, நடக்க இருந்தவரு, வீட்ட விட்டு எங்கயும் போகாதவரு, இது எங்கிருந்து வந்துச்சு, யாரு கொண்டு வந்தாங்கன்னு கத்தறான். கத்திக்கிட்டே என்ற பக்கமாத் திரும்பினான். எதுக்குத் திரும்பினான்னு தெரியல. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள அண்ணி நடுவுல வந்துட்டா.

"என்ற தம்பிதான்"னா. "அன்னைக்குக் காய் கொண்டாந்தானே. மார்க்கெட்டுல இருந்து நேரா வந்தான். அவன்தான் கொண்டாந்து விட்டுட்டான்."

எல்லாரு முன்னாலயும் சொன்னாளுங்க. அவ வாயாலயே! சென்னியப்பன் டெம்போகிட்ட நின்னுட்டிருந்தான். அண்ணன் போயி அவன் சட்டையப் புடிச்சு ஓங்கி அறைஞ்சான். அவன் திருப்பிக் கை ஓங்கல. அவங்க அக்காவப் பாத்தான். அக்கா இவனப் பாத்து இப்படி, லேசாத் தலைய மட்டும் ஆட்டினா. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். தப்பு செஞ்சவன் எப்படிங்க பேசுவான்?

அன்னைக்கிருந்து அந்த வீட்டுப் படி ஏறறதில்ல அவன். நான்தான் சொல்லிட்டேன், அவன் வந்தா நான் வரமாட்டேன்னு. அண்ணியும் செரின்னுட்டா. கூடப் பொறந்தவன். இவளுக்குன்னு பொறந்த வீட்டுல இருக்கறது அவன் ஒருத்தன்தான்.

நான் இப்ப வார்டுக்குப் போறதில்லீங்க. கிளினிக்கும் தெறக்கறதில்ல. வீடியோவுலதான் பாக்கறேன், வெளிநாட்டுல இருந்தெல்லாம் வர்றாங்க. நல்லாத்தான் போகுது. முதல்ல தெறந்து பாத்தேன், இல்லேங்கல. ஒருத்தருக்குக் கழுத்து வலி. வந்து உக்காந்தாரு. தொடறதுக்குக் கைய நீட்டறேன், கை பின்னாடி வருது. மறுக்கா நீட்டறேன், மறுக்கா வருது. அவரு பயந்து போயி எந்திரிச்சுட்டாரு. இத்தனை வருசமா தொட்ட கை. டாக்டர்கிட்டக் காட்டினேன், நரம்புல ஒண்ணும் கோளாறு இல்லேன்னுட்டாங்க.

நாளைக்கு ஹர்ஷிதாவுக்குச் சீருங்க. பெரிய மனுசி ஆயிட்டா. அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். சீருன்னா தாய்மாமன் இல்லாமயா? மாலை போடறது அவன், தட்டு கொண்டு வர்றது அவன். பத்திரிகையிலயே அவன் பேரு இல்ல. ஊர்ல கேக்கறவங்களுக்கு அண்ணி என்ன சொல்றாளோ தெரியல.

நேத்து போன் பண்ணினா. "பூங்கோதை, சென்னியப்பன் ஒண்ணு கேக்கறான். பந்தலுக்குள்ள வர மாட்டானாம். ரோட்டுக்கு எதுத்தாப்புல நின்னு, புள்ள மாலையோட வர்றப்ப ஒருக்காப் பாத்துட்டுப் போயிடறானாம். நீ வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடறேன்." அழுவல. சாதாரணமாத்தான் கேட்டா. வந்து சொல்றேன்னு வெச்சுட்டேன்.

நீங்க சொல்லுங்க. நீங்க யாரோ, நான் யாரோ. எந்தப் பக்கமும் இல்லாம சொல்லுங்க. வரச் சொல்லவா?

சுலபமாச் சொல்லிட்டீங்க. ரோட்டுல எதுக்கு, உள்ளயே வரச் சொல்லுங்கன்னு. சொல்லலாங்க. எனக்கும் ஹர்ஷிதா மொகத்த நெனச்சாப் பாவமாத்தான் இருக்குது. வரட்டும். வந்து மாலை போடட்டும். ஆனா எல்லாரும் பாப்பாங்கல்ல? அண்ணன் பாப்பான். நானே கூப்பிட்டேன்னு தெரிஞ்சா, அவன் மேல தப்பு இல்லேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அவன் மேல தப்பு இல்லேன்னா, அப்பறம்…

இல்லீங்க.

அவன்தாங்க. அவங்க அக்காவே சொன்னாளே. அவளுக்குத் தெரியாதா?

தாராபுரம் வந்துருச்சு. மேல இருக்கற பைய மட்டும் எடுத்துக் குடுங்க. பாத்து, உள்ள வளையல் இருக்குது. அதோ, வேப்பமரத்துக்கிட்ட நிக்கறா பாருங்க, பச்சைச் சேலை, அதுதான் அண்ணி. அண்ணன அனுப்பக் கூடாதா, சீருக்கு அத்தனை வேலை கெடக்கறப்ப இவளே வந்து நிக்கறா. பஸ்ஸப் பாத்துட்டா. சிரிக்கறா.

நீங்க எறங்குங்க. நான் கொஞ்சம் உக்காந்துட்டு எறங்கறேன்.